ஊழியத்துக்குப் போன இடத்தில் உள்ளம் வளர: ஒரு நர்ஸின் குறிப்புகள்

வெளிநாட்டு மிஷன் பயணம் முடித்து வருகிறவர்கள் சபையில் சாட்சி சொல்லும்போது, "கொடுக்கப் போனேன், வாங்கிக்கொண்டு வந்தேன்" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என்ன வாங்கினீர்கள் என்று இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் பலருக்குப் பதில் வருவதில்லை. பயணம் போனாலே ஆவிக்குரிய வளர்ச்சியும் கூடவே வந்துவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி வராது என்பதற்கு வேதத்திலேயே ஒரு முழுப் புத்தகம் இருக்கிறது.

யோனா போனது வெளிநாட்டு ஊழியம்தான். அவன் பிரசங்கத்தைக் கேட்டு நினிவே பட்டணம் முழுவதும், ராஜா முதற்கொண்டு, இரட்டுடுத்தி உபவாசம் இருந்தது. அப்படியொரு பலனைக் கண்ட மிஷனரிகள் அபூர்வம். ஆனால் கடைசி அதிகாரத்தில் யோனா ஊருக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு, கோபத்தில் "செத்தால் தேவலை" என்கிறான். ஊர் மனந்திரும்பிவிட்டது. பிரசங்கித்தவன் அப்படியே இருக்கிறான்.

நான் நர்ஸ். சபைகள் அனுப்பும் மருத்துவக் குழுக்களோடு வெளிநாடுகளுக்குப் போய்வருகிறேன். முதல் தடவை வருகிறவர்களுக்குத் தடுப்பூசி, மாத்திரை, கொசுவலை பற்றி வகுப்பெடுப்பது என் பொறுப்பு. வகுப்பு முடிந்ததும் யாராவது ஒரு பிள்ளை தனியாக வந்து, "அக்கா, அங்கே இருக்கும்போது ஆண்டவரோடு இன்னும் நெருங்க என்ன செய்யணும்?" என்று கேட்கும். அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். பள்ளிக்கூடம் கட்டப் போகிறவர்களுக்கும் சிறுவர் ஊழியத்துக்குப் போகிறவர்களுக்கும்கூட இது பொருந்தும்.

அதற்குமுன், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1735 அக்டோபரில் அவர் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குக் கப்பலேறினார். கப்பலில் அவருடைய ஒழுங்கைப் பார்த்தால் நமக்கு வெட்கமாக இருக்கும். காலை நான்கு மணிமுதல் ஐந்துவரை தனி ஜெபம், ஐந்துமுதல் ஏழுவரை நண்பர்களோடு வேத வாசிப்பு. அதே கப்பலில் மொரேவியர் என்ற ஜெர்மன் விசுவாசிகளும் இருந்தார்கள். மற்றவர்கள் தொடத் தயங்கிய எடுபிடி வேலைகளையெல்லாம் கூலி வாங்காமல் செய்தார்கள். 1736 ஜனவரியில் பெரும்புயல் அடித்தது. பாய் கிழிந்து, தண்ணீர் தளத்துக்குள் கொட்டியது. ஆங்கிலேயர் அலறினார்கள். ஆராதனையின் நடுவில் இருந்த மொரேவியர் பாட்டை நிறுத்தவே இல்லை. உங்கள் பெண்களும் பிள்ளைகளும் பயப்படவில்லையா என்று வெஸ்லி பிறகு கேட்டார். அவர்கள் சாகப் பயப்படுகிறவர்கள் அல்ல என்று பதில் வந்தது.

1738 ஜனவரியில், ஊர் திரும்பும் வழியில், அமெரிக்கப் பழங்குடியினரை மனந்திருப்பப் போனேனே, என்னை யார் மனந்திருப்புவார் என்று வெஸ்லி தன் நாட்குறிப்பில் எழுதினார். அதே ஆண்டு மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் அவருடைய உள்ளம் அனலடைந்த கதை பலருக்கும் தெரியும். எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொன்று. அந்தக் கப்பலில் அவர் தினமும் காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்து, மொரேவியரோடு பேசுவதற்காக ஜெர்மன் மொழி படித்தார். அவர் ஊழியம் செய்யப் புறப்பட்டது வேறு ஜனங்களுக்கு. அவரை அசைத்தது பக்கத்தில் இருந்த சக பயணிகள். அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள அவர் நேரம் ஒதுக்கினார். நான் சொல்லப்போவதெல்லாம் அதைச் சுற்றித்தான்: நீங்கள் கொடுப்பவராக இல்லாத நேரங்களைக் கவனியுங்கள்.

புறப்படுமுன் செய்யவேண்டியவை

ஏன் போகிறேன் என்று ஒரு தாளில் எழுதுங்கள். யாரும் படிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுங்கள். ஆண்டவரின் அழைப்பு, ஜனங்கள்மேல் உள்ள பாரம் என்று முதல் இரண்டு வரி எல்லோருக்கும் ஒரேமாதிரிதான் வரும். மூன்றாவது வரியிலிருந்துதான் உண்மை ஆரம்பிக்கும். விமானத்தில் போக ஆசை. வீட்டில் இருக்கும் பிரச்சினையிலிருந்து கொஞ்ச நாள் தப்பலாம். சபையில் பெயர் கிடைக்கும். போன தடவை போனவன் வந்து போட்ட படங்களைப் பார்த்துப் பொறாமை. இவை கலந்திருப்பதால் பயணத்தை ரத்துசெய்ய வேண்டியதில்லை. ஆனால் எழுதிவைத்தால், அங்கே போய் ஏமாற்றம் வரும்போது எந்த ஆசை உடைந்தது என்று கண்டுபிடிக்க முடியும். பாராட்டு கிடைக்காததால் வந்த சோர்வை "ஆவிக்குரிய போராட்டம்" என்று நினைத்து ஜெபித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வேத வாசிப்புக்குச் சின்னப் பகுதியாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வருடத்தில் வேதத்தை முடிக்கும் அட்டவணையைப் பயணத்துக்கு எடுத்துப்போகாதீர்கள்; மூன்றாம் நாளே பின்தங்கிவிடுவீர்கள், அப்புறம் தினமும் குற்ற உணர்ச்சிதான் மிச்சம். இரண்டு வாரப் பயணத்துக்கு நான் சொல்வது ஆரோகண சங்கீதங்கள், 120முதல் 134வரை. மொத்தம் 15. எருசலேமுக்குப் பண்டிகைக்குப் போன யாத்திரிகர்கள் பாடினவை என்று சொல்லப்படுபவை. பையோடு நடக்கிறவனுக்கென்றே எழுதினமாதிரி இருக்கும். பெரும்பாலானவை குறுகியவை. 131இல் மூன்றே வசனம்தான். "பெரிய காரியங்களிலும், எனக்கு மிஞ்சின கருமங்களிலும் தலையிடுகிறதும் இல்லை" என்ற வரியைக் குழுத்தலைவர்கள் தினமும் படிக்கலாம். ஒரு மாதமோ அதற்கு மேலோ தங்குகிறவர்களுக்குப் பிலிப்பியர் நிருபம்: நான்கு அதிகாரம், 104 வசனம். சிறையிலிருந்து எழுதியவன் சந்தோஷத்தைப் பற்றி இவ்வளவு எப்படி எழுதினான் என்று கேட்டுக்கொண்டே படியுங்கள்.

அச்சிட்ட வேதாகமம் எடுத்துப்போங்கள். கைப்பேசியில் சார்ஜ் இருந்தாலும், அதைத் திறந்தால் வசனத்துக்கு முன்னால் நாற்பது செய்திகள் வந்து நிற்கும்.

பிறகு ஆட்கள். ஜெபக் கடிதம் நூறு பேருக்கு அனுப்புங்கள், அது வேறு விஷயம். இரண்டு பேரை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுத்து, நான் வந்ததும் என்னிடம் கஷ்டமான கேள்விகள் கேளுங்கள் என்று சொல்லிவையுங்கள். உங்களை மெச்சுகிறவர்கள் இதற்கு ஆகாது. உங்கள் கோபத்தை நேரில் பார்த்தவர்களாக இருந்தால் நல்லது.

விடிகாலையும் தூக்கம் வராத இரவும்

"அவர் அதிகாலையில், இருட்டோடே எழுந்து புறப்பட்டு, வனாந்தரமான ஓரிடத்திற்குப் போய், அங்கே ஜெபம்பண்ணினார்." மாற்கு 1:35. இதைப் படித்துவிட்டு, அங்கே தினமும் ஒரு மணி நேரம் தனி ஜெபம் என்று தீர்மானம் எடுப்பார்கள். போய்ப் பார்த்தால் ஒரே அறையில் எட்டுப் பேர், ஒரே குளியலறை, ஆறரைக்கு வண்டி. வனாந்தரமான இடம் கிடைப்பது அவ்வளவு சுலபமல்ல.

உடம்பின் போக்கை வைத்துத் திட்டமிடுங்கள். மேற்கு நோக்கிப் பறந்தவர்களுக்கு முதல் சில நாள் விடிகாலை மூன்று, நான்கு மணிக்கே விழிப்பு வரும். புரண்டு படுத்துச் சலித்துக்கொள்ளாமல் எழுந்துவிடுங்கள். கேட்காமலே கிடைத்த அதிகாலை அது. கிழக்கு நோக்கிப் பறந்தவர்களுக்கு நேர்மாறு, இரவில் தூக்கம் பிடிக்காது, காலையில் எழுந்திருக்க முடியாது. அவர்கள் அதிகாலை ஜெபத்துக்காகத் தங்களை வதைத்துக்கொள்ள வேண்டாம். சங்கீதம் 63:6 அவர்களுக்குத்தான்: "என் படுக்கையின்மேல் நான் உம்மை நினைக்கும்போது, இராச்சாமங்களில் உம்மைத் தியானிக்கிறேன்." விளக்குப் போடாமல், பகலில் பார்த்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்து ஜெபிக்கலாம். அப்படியே தூங்கிப்போனால் போகட்டும், பாவம் இல்லை.

தனிமைக்கு வேறு இடங்களும் உண்டு. பாத்திரம் கழுவுகிற நேரம், மாத்திரை எண்ணிப் பொட்டலம் கட்டுகிற நேரம், வண்டி வராமல் காத்திருக்கிற நேரம். காத்திருப்பு அங்கே நிறையவே கிடைக்கும்.

உடம்பா, ஆத்துமாவா

இது நர்ஸாக நான் பிடிவாதமாகச் சொல்லும் பகுதி. நான்காம் ஐந்தாம் நாளில் ஜெபிக்க முடியவில்லை, அழுகையாக வருகிறது, ஆண்டவர் தூரமாகப் போய்விட்டார் என்று யாராவது வந்து சொன்னால், முதலில் நான் கேட்பது மூன்று: எத்தனை மணி நேரம் தூங்கினாய், எவ்வளவு தண்ணீர் குடித்தாய், மலேரியாவுக்கு என்ன மாத்திரை போடுகிறாய். மெஃப்ளோகுயின் என்று வாரம் ஒருமுறை போடும் மாத்திரை இருக்கிறது. சிலருக்கு அது பதற்றத்தையும் பயங்கரக் கனவுகளையும் மனச்சோர்வையும் உண்டாக்கும். 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதற்காகவே அதன்மேல் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. அந்த மாத்திரை போட்டுவிட்டு ராத்திரி அலறி எழுந்த ஒரு பிள்ளையைச் சுற்றி நின்று, பிசாசின் தாக்குதல் என்று குழுவே ஜெபித்ததைப் பார்த்திருக்கிறேன். ஜெபித்தது நல்லதுதான். மறுநாள் டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்ததும் நல்லதுதான். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், மலேரியா விளையாட்டல்ல. மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

எலியா சூரைச்செடியின்கீழ்ப் படுத்துச் சாக விரும்பினபோது தூதன் பிரசங்கம் செய்யவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். எலியா சாப்பிட்டுத் தூங்கினான், தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிடவைத்தான். ஆண்டவரின் அமர்ந்த மெல்லிய சத்தம் கேட்டது அதற்கெல்லாம் பிறகுதான்.

உபவாசத்துக்கும் இதே நியாயம். வெயிலில் வேலை செய்கிற நாளில் தண்ணீரை விடாதீர்கள். குழுத்தலைவருக்குத் தெரியாமல் உபவாசம் இருக்காதீர்கள். மயங்கி விழுந்தால் உங்களைத் தூக்குவதற்கு இரண்டு பேர் வேலையை விட வேண்டும். ஒரு வீட்டில் உங்களுக்காகச் சமைத்துவைத்திருக்கிற நாளில் உபவாசம் என்று சொல்லாதீர்கள். எல்லாம் சரியாக இருந்தும், தூக்கமும் சாப்பாடும் ஓய்வும் இருந்தும், உள்ளே வறட்சியாகவே இருந்தால், அப்போது அதை ஆத்துமாவின் காரியமாக எடுத்துக்கொள்ளலாம். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதை ஜெபமாகப் படிக்க வேதமே அனுமதி கொடுத்திருக்கிறது. குழுவுக்கு முன்னால் மலர்ந்த முகம் காட்ட வேண்டும் என்பதற்காக நீங்களாக ஒரு நல்ல முடிவை ஒட்டவைக்க வேண்டாம்.

விருந்தாளியாக இருப்பது

லூக்கா 10இல் இயேசு எழுபதுபேரை அனுப்பும்போது பணப்பை வேண்டாம் என்கிறார், வீட்டுக்கு வீடு மாறாதீர்கள் என்கிறார், "உங்கள்முன் வைக்கிறவைகளைப் புசியுங்கள்" என்கிறார். அவர்கள் சுகமாக்கவும் பிரசங்கிக்கவும் போனவர்கள். ஆனாலும் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் அந்த ஊரார் கையை எதிர்பார்க்க வேண்டியவர்களாகத்தான் அனுப்பப்பட்டார்கள். நாமோ எல்லாவற்றையும் பெட்டியில் கட்டிக்கொண்டு போகிறோம், யாரிடமும் எதுவும் வாங்காமலே திரும்பிவிட முடிகிறது. அதனால் வாங்குவதற்கென்று முயற்சி செய்ய வேண்டியிருக்கிறது.

எளிதான முதல் படி: உள்ளூர் விசுவாசிகளிடம் "எனக்காக ஜெபியுங்கள்" என்று கேட்பது. ஜெபக்குறிப்பாக உங்கள் ஊழியத்தைச் சொல்லாதீர்கள், உங்கள் உண்மையான தேவையைச் சொல்லுங்கள். மகனோடு பேச்சுவார்த்தை இல்லை என்றோ, இரவில் பயமாக இருக்கிறது என்றோ. ரோமருக்கு எழுதும்போது பவுல், உங்களுக்கு வரம் கொடுக்க வருகிறேன் என்று சொன்ன கையோடு, உங்கள் விசுவாசத்தால் நானும் ஆறுதலடைவேன் என்று திருத்திச் சொல்கிறான் (1:11, 12). அப்போஸ்தலனுக்கே அது தேவைப்பட்டது.

ஒரு முகாமில் வயதான ஒரு அம்மா இரத்த அழுத்தம் பார்க்க வந்தார். பார்த்து முடித்ததும் எழுந்திருக்கவில்லை. பட்டையைக் கழற்றிய என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். வெளியே வரிசை நீளம். மொழிபெயர்க்கிற தம்பி முதல் வாக்கியத்தோடு நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. நேரம் போகிறதே என்ற எண்ணம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது மட்டும் தெரிந்தது. அன்றிலிருந்து குழுக்களுக்குச் சொல்வேன்: அட்டவணை போடும்போது ஆளுக்கு இவ்வளவு நிமிடம் என்று இறுக்கிக் கட்டாதீர்கள். அந்த அம்மாமாதிரி ஒருவர் வந்து உட்கார இடம் இருக்கட்டும்.

உள்ளூர் சபை ஆராதனையில் மொழி புரியாமல் இரண்டு மூன்று மணி நேரம் உட்காரும்போது கை தானாகக் கைப்பேசிக்குப் போகும். படம் எடுக்காதீர்கள். வாசிக்கும் வேதப்பகுதி எது என்று மட்டும் பக்கத்தில் கேட்டு, உங்கள் வேதாகமத்தில் அதைத் திறந்து, ஆராதனை முடியும்வரை அந்த ஒரு பகுதியோடு இருங்கள். பேச வாய்ப்பில்லாமல், தலைமை வகிக்காமல், வெறுமனே சபையில் ஒருவராக உட்கார்ந்திருப்பது ஊழியக்காரர்களுக்கு அபூர்வமாகத்தான் கிடைக்கிறது.

இன்னொரு விஷயம், கொஞ்சம் காரமாகவே சொல்கிறேன். ஏழைகளைப் பார்த்துவிட்டு வந்து, "ஆண்டவர் எனக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறார் என்று உணர்ந்து நன்றி சொன்னேன்" என்று சாட்சி சொல்கிறவர்கள் லூக்கா 18ஐ ஒருமுறை படிக்க வேண்டும். மற்ற மனுஷரைப்போல நான் இல்லை என்பதற்காக ஸ்தோத்திரம் சொன்னவன் ஆலயத்தில் நின்ற பரிசேயன். அடுத்தவர் கஷ்டம் நம் நன்றி உணர்ச்சிக்காக ஏற்பாடு செய்யப்பட்ட காட்சி அல்ல. அவர்கள் பெயரைக் கேளுங்கள், பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள், எதில் கெட்டிக்காரர்கள் என்று கேளுங்கள். நன்றி அப்புறம் தானாக வரும், வேறு விதமாக வரும்.

எரிச்சல் நோட்டு

இந்தக் குறிப்புகளில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். இரவு படுக்குமுன் ஐந்து நிமிடம், ஒரு சின்ன நோட்டு. இன்று எனக்கு எரிச்சல் வந்தது எப்போது? அவ்வளவுதான் கேள்வி. இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா 16ஆம் நூற்றாண்டில் தன் சபையாருக்குத் தினமும் மனச்சோதனை செய்யும் பழக்கத்தைக் கொடுத்தார். நாளை நன்றியோடு திரும்பிப் பார்ப்பது, எங்கே தேவனோடு நடந்தேன், எங்கே விலகினேன் என்று கவனிப்பது. அதை மிஷன் பயணத்துக்கு ஏற்றபடி நான் இப்படிச் சுருக்கிக்கொண்டேன்.

ஏன் எரிச்சல்? பயணத்தில் நாம் எல்லோரும் நல்ல பிள்ளைகளாக நடந்துகொள்கிறோம். பாவம் என்று பெரிதாக எதுவும் வெளியே வராது. ஆனால் எரிச்சல் மறைக்க முடியாதது. வண்டி தாமதம், திட்டத்தை அவர்கள் மாற்றிவிட்டார்கள், நான் பத்து வரி பேசியதை மொழிபெயர்ப்பாளர் இரண்டு வரியில் முடித்துவிட்டார், பக்கத்துப் படுக்கைக்காரரின் குறட்டை, நான் கொண்டுவந்த கண்ணாடிகளை வாங்க யாரும் வரவில்லை. இவற்றை அப்படியே எழுதுங்கள். கீழே ஆண்டவர் யோனாவிடம் கேட்ட கேள்வியை எழுதுங்கள்: "நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ?" சில சமயம் பதில், ஆம், நல்லதுதான் என்றே இருக்கும். ஒரு பிள்ளையை யாரோ அடித்ததைப் பார்த்து வந்த கோபம் நியாயமானது. அதைத் தலைவரிடம் கொண்டுபோக வேண்டும், நோட்டில் புதைக்கக் கூடாது. பெரும்பாலான நாட்களில் பதில் வேறாக இருக்கும்.

யோனா ஆமணக்குச் செடியின் நிழல் வந்தபோது மிகவும் சந்தோஷப்பட்டான், அது பட்டுப்போனபோது சாக விரும்பினான். ஆண்டவர் அவனிடம் பேசியது அந்தச் செடியை வைத்துத்தான். உங்கள் ஆமணக்கு எது என்று நோட்டு காட்டிக்கொடுக்கும். ஒருவருக்கு வெந்நீர், இன்னொருவருக்கு இணைய இணைப்பு, வேறொருவருக்கு எல்லாம் தன் சொற்படி நடப்பது.

ஒரு குழுவில் மருந்தாளுநராக வந்த ஒருவர், நான் சொல்லலாம் என்று அனுமதி கொடுத்த கதை. உள்ளூர் நர்ஸ் மருந்துகளை அவர் அடுக்கிய விதத்தில் வைக்காமல் தன் வழக்கப்படி மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். இவர் நோட்டில் தொடர்ந்து அந்த எரிச்சலே வந்துகொண்டிருந்தது. பிறகு முந்தின பக்கங்களைச் சேர்த்துப் படித்தபோது, வண்டி விஷயம், சாப்பாட்டு நேரம், அலமாரி எல்லாவற்றிலும் ஒரே காரணம்தான் என்று பிடிபட்டது: வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள். மறுநாள் காலை அந்த நர்ஸிடம் போய், அலமாரியை உங்கள் இஷ்டப்படி அடுக்குங்கள், நான் உங்களிடம் கேட்டு எடுத்துக்கொள்கிறேன் என்றார். முகாம் முடியும்வரை அவர் கீழ் வேலை செய்தார். அந்த நர்ஸ் நோயாளிகள் எந்த வரிசையில் கேட்பார்களோ அந்த வரிசையில் அடுக்கியிருந்தார் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த மருந்தாளுநர் தன் வீட்டிலும் கடையிலும் இதே காரணத்தோடு இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனால் இப்போது அதற்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியும்.

நோட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சபைக்கு அறிக்கை எழுதும் நோட்டும் இதுவும் ஒன்றாக இருக்கக் கூடாது. யாராவது படிப்பார்கள் என்ற எண்ணம் வந்தாலே பொய் கலக்க ஆரம்பித்துவிடும். விசுவாசிகளுக்கு ஆபத்துள்ள நாடுகளில் ஆட்களின் பெயர், ஊர், கூடும் வீடு எதையும் எந்த நோட்டிலும் எழுதாதீர்கள். கைப்பேசியில் எடுக்கும் படத்தோடு எடுத்த இடத்தின் விவரமும் பதிவாகக்கூடும்; அந்த வசதியை அணைத்துவையுங்கள். இது ஆவிக்குரிய குறிப்பா என்று கேட்பீர்கள். பிறனை நேசிப்பதில் இதுவும் சேர்த்தி.

குழுவுக்குள் சண்டை

வரும். பவுலும் பர்னபாவும் மாற்குவை அழைத்துப்போவதா வேண்டாமா என்பதில் பிரிந்தே போனார்கள். பெர்காவிலிருந்து பாதியில் திரும்பிய அதே மாற்குவைப் பற்றி, ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமானவன், அழைத்து வா என்று பவுல் பின்னாளில் எழுதினான். அந்த இடைவெளி வருடக்கணக்கு. உங்களுக்கு இருப்பதோ சில நாட்கள், ஒரே அறை. "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்பதை அங்கே எழுத்துப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: சாப்பாட்டுக்கு முன்பே போய்ப் பேசிவிடுங்கள். மூன்றாவது ஆளிடம் "ஜெபக்குறிப்பு" என்ற பெயரில் சொல்லாதீர்கள். தினமும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் விட்டுத் தள்ளியிருங்கள். இதற்கு மேல் இதில் பெரிய இரகசியம் எதுவும் இல்லை.

பலன் கணக்கு

எத்தனை பேர் ஏற்றுக்கொண்டார்கள், எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தோம் என்று அனுப்பினவர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் அந்த எண்ணிக்கை உங்கள் உள்ளத்தின் வெப்பமானியாகிவிட்டால் தினமும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பீர்கள். அதோனிராம் ஜட்சன் என்ற அமெரிக்க மிஷனரி பர்மாவுக்கு 1813இல் போனார். முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819இல். ஆறு வருடம் எதையும் காட்ட முடியாத ஊழியம் அது. எழுபதுபேர் சந்தோஷத்தோடே திரும்பி வந்து, பிசாசுகளும் எங்களுக்குக் கீழ்ப்படிகிறது என்று அறிக்கை கொடுத்தபோது, ஆவிகள் கீழ்ப்படிகிறதற்காகச் சந்தோஷப்படாமல், உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கிறதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்றார் இயேசு. நல்ல பலன் கிடைத்த நாளின் இரவில்தான் லூக்கா 10:20ஐப் படிக்க வேண்டும். தோல்வி நாளில் நாம் தானாகவே ஆண்டவரிடம் போய்விடுகிறோம்.

திரும்பி வந்தபின்

அப்போஸ்தலர் திரும்பி வந்து செய்ததையும் சொன்னதையும் அறிவித்தபோது, இயேசு "வனாந்தரமான ஓரிடத்தில் தனித்துச் சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள்" என்றார். நாம் விமானத்திலிருந்து இறங்கின ஞாயிற்றுக்கிழமையே மேடையேறிவிடுகிறோம். முடிந்தால் போதகரிடம் இரண்டு மூன்று வாரம் அவகாசம் கேளுங்கள். அதற்குள் நோட்டை முதலிலிருந்து ஒருமுறை படியுங்கள். முன்பே சொல்லிவைத்த அந்த இரண்டு பேரோடும் உட்காருங்கள், அவர்கள் கேட்கட்டும்.

இந்த நாட்களில் சொந்த சபைமேல் ஒரு சலிப்பு வரும். இவர்களுக்கு ஜெபத்தில் அனல் இல்லை, வசதியில் மூழ்கிக் கிடக்கிறார்கள் என்று தோன்றும். அங்கே விருந்தாளியாக இருக்கக் கற்றுக்கொண்ட பொறுமையை இங்கேயும் கொஞ்சம் பயன்படுத்துங்கள். வேலையை விடுவது, முழுநேர ஊழியத்துக்குப் போவது போன்ற பெரிய தீர்மானங்களை உடனே அறிவிக்காதீர்கள். அழைப்பு உண்மையானால் சில மாதங்கள் காத்திருந்தாலும் அது இருக்கும். மூப்பர்களோடு பேச அந்த நேரம் உதவும். அங்கே பழகினவற்றில் ஒன்றை மட்டும் தொடருங்கள். எல்லாவற்றையும் தொடர நினைத்தால் ஒன்றுமே தங்காது.

கடைசியாக, கொடுத்த வாக்குறுதிகள். போன இடத்தில் உணர்ச்சிவசப்பட்டு நிறையச் சொல்லியிருப்போம்: அடுத்த வருடம் வருகிறேன், உன் படிப்புக்கு உதவுகிறேன், படம் அனுப்புகிறேன். வந்த வாரத்திலேயே நினைவுக்கு வருகிற ஒவ்வொன்றையும் பட்டியல் போடுங்கள். செய்ய முடிவதை ஒரு மாதத்துக்குள் செய்யுங்கள். முடியாததை, முடியவில்லை என்று நேராக எழுதி, அந்த ஊர்ப் போதகர் வழியாகத் தெரிவியுங்கள். பணம் சம்பந்தப்பட்டது என்றால் உங்களை அனுப்பிய அமைப்பையும் அங்குள்ள சபையையும் கேட்காமல் தனியாக அனுப்பாதீர்கள். அது அங்கே யாருக்கு என்ன சங்கடம் உண்டாக்கும் என்று இங்கிருந்து நமக்குத் தெரியாது. "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்பது மத்தேயு 5:37. பட்டியலில் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், பிள்ளைகளுக்குச் சொன்ன படங்களிலிருந்து. அச்சுப் போட்டு, ஒவ்வொன்றின் பின்னாலும் யாருக்கு என்று எழுதி, அடுத்து போகும் குழுவின் கையில் கொடுத்துவிடுங்கள்.